மறைந்து வளரும் புற்று: பெருங்குடல் நோயைத் தேடிய வரலாறு

புற்று என்னும் சொல் தமிழில் முதற்கண் கறையான் எழுப்பும் மண்மேட்டையே குறிப்பதாகும். மேலே காணப்படுவது ஒரு சாண் மேடு. அதன் கீழே எத்தனை அறைகள், எத்தனை சுரங்க வழிகள், எவ்வளவு ஆழம் என்பதை வெட்டிப் பார்த்தாலன்றி எவரும் அறியார். உடம்பினுள் அடங்காது பெருகும் கட்டிக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. கிரேக்க வைத்தியர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். கட்டியிலிருந்து நாற்புறமும் பரந்து செல்லும் நாளங்கள் நண்டின் கால்களைப்போல அவர்கள் கண்ணுக்குத் தோன்றின போலும். மார்பிலோ முகத்திலோ தோன்றும் கட்டிக்கு நண்டின் பெயர் பொருந்தலாம். பெருங்குடலினுள்ளே தோன்றும் கட்டிக்கோ தமிழ்ப் பெயரே தகும். அது வெளியே தெரிவதில்லை. தெரிய வந்த காலத்திற் பெரும்பாலும் ஆழமாகப் பரவிவிட்டிருக்கும்.

பெருங்குடல் என்பது அடிவயிற்றின் வலப்பக்கத்திலே, சிறுகுடல் முடியுமிடத்திலே தொடங்குகின்றது. அங்கிருந்து மேலேறி, ஈரலின் கீழே வளைந்து, வயிற்றின் குறுக்கே சென்று, இடப்பக்கமாக இறங்கி, மலக்குடலில் வந்து முடியும். அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். உண்ட உணவின் சாரம் சிறுகுடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிட, எஞ்சியதிலுள்ள நீரை உறிஞ்சிச் சக்கையைத் திரட்டி வெளியேற்றுவதே பெருங்குடலின் தொழில். இதன் உட்சவ்வுக்கு வெட்டினாலும் நோவு தெரியாது. இவ்வொரு செய்தியிலேயே இந்நோயின் கொடுமை முழுவதும் அடங்கியிருக்கின்றது. கையில் முள் தைத்தால் உடனே உணர்கின்ற உடம்பு, குடலினுள் ஒரு கட்டி ஆண்டுக்கணக்காக வளர்வதை உணர்வதில்லை. வலப்பக்கத்திலே குடல் அகன்றதாயும் உள்ளிருப்பது நீர்த்தன்மை உடையதாயும் இருத்தலால், அங்கே தோன்றும் கட்டி வழியை அடைப்பதற்கும் நெடுங்காலம் செல்லும். அதுவரை சிறிது சிறிதாகக் குருதி கசிந்து மலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். நோயாளர் வெளிறிக் களைத்துப் போவதே முதற் குறியாக அமைவதும் உண்டு.

ஆதலால் முற்கால வைத்தியர் இந்நோயைச் சந்தித்ததெல்லாம் அதன் இறுதிக் கட்டத்திலேயே, வழி முற்றாக அடைபட்ட பின்னரே ஆகும். 1776ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ரூவன் நகரிலே திராட்சைமது வணிகர் ஒருவருக்கு மலக்குடலிற் புற்று ஏற்பட்டு மலங்கழியும் வழி அடைபட்டது. அடைப்பை நீக்கப் பேதி மருந்துகள் கொடுத்தனர், பயனில்லை. பாதரசம் பாரமானதாகையால் அது தன் பாரத்தாலேயே தடையைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிடும் என்னும் நம்பிக்கை அக்காலத்திருந்தது. அதன்படி இரண்டு இறாத்தல் பாதரசத்தை அவரைக் குடிக்கச் செய்தனர். அதுவும் இறங்கவில்லை. அப்பொழுது பில்லோர் என்னும் சத்திர வைத்தியர், வயிற்றின் வலப்பக்கத்தைத் திறந்து குடலின் தொடக்கப் பகுதியை வெளித்தோலோடு இணைத்து மலம் கழிவதற்கு ஒரு புதுவாயில் அமைத்தார். வாயில் வேலை செய்தது. வயிற்றின் வீக்கம் வடிந்தது. ஆயினும் ஒரு மாதம் நிறையுமுன் நோயாளர் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது, குடித்த பாதரசம் சிறுகுடலின் ஒரு வளைவிலே தங்கி அதனை அழுகச் செய்திருந்தமை காணப்பட்டது. சத்திரசிகிச்சை பழுதுபடவில்லை, அதற்கு முன் கொடுத்த மருந்தே ஆளைக் கொன்றது எனலாம்.

பில்லோர் கட்டியைத் தொடவில்லை. கட்டியையே வெட்டி அகற்றி, வெட்டிய இரு முனைகளையும் மீண்டும் பொருத்தித் தைக்கத் துணிந்தவர் பிரான்சின் லியோன் நகரத்து றேபார் என்பவர். அது 1833ஆம் ஆண்டு. ஈதர் கொடுத்து நோயாளரை மயக்கும் முறை வெளியுலகுக்குத் தெரிய வந்தது 1846இலே. கிருமிகளைக் கொல்லும் திரவத்தைக் கையாண்டு லிஸ்டர் தமது முறையை வெளியிட்டது 1867இலே. இவ்விரண்டும் தோன்றுமுன், நினைவோடிருந்த ஒரு மனிதரின் வயிற்றைத் திறந்து குடலை அறுத்துத் தைத்தார் றேபார் என்றால், வைத்தியரின் துணிவையோ நோயாளரின் பொறுமையையோ எதனை வியப்பதென்று தெரியவில்லை. அந்நோயாளர் பல மாதங்கள் உயிரோடிருந்து, பின்னர் நோய் மீண்டமையால் இறந்தார்.

மயக்கமருந்தும் தூய்மையும் வந்த பின்னர் சத்திரசிகிச்சை விரைந்து வளர்ந்தது. ஆயின் கட்டி மீண்டும் மீண்டும் முளைத்தது. இலண்டனைச் சேர்ந்த ஏணெஸ்ட் மைல்ஸ் என்பார் மலக்குடற் புற்றைக் கீழ்வழியாக மாத்திரம் அறுத்தெடுக்கும் முறையில் 57 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். வேறொருவராயின் நோயாளர் எழுந்து நடந்து வீட்டுக்குச் சென்றதையே வெற்றியாகக் கணக்கிட்டிருப்பார். மைல்ஸ் அவ்வாறு செய்யாது அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். 54 பேருக்கு நோய் மீண்டிருந்தது. இறந்தவர்களின் உடலை ஆராய்ந்து, புற்று மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் நிணநீர் வழிகளாற் பரவுகின்றதென அவர் கண்டார். அதன் பயனாக, வயிற்றின் வழியாகவும் கீழ்வழியாகவும் ஒருங்கே சென்று மலக்குடலையும் அதனைச் சூழ்ந்த நிணநீர் இழையங்களையும் அடியோடு அகற்றும் முறையை 1908இல் வெளியிட்டார். தொடக்கத்தில் அச்சிகிச்சையிலேயே பலர் இறந்தனர். தப்பியவர்களும் வயிற்றில் அமைத்த வாயிலோடே எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க வேண்டியவராயினர். எனினும் தப்பியவருள் நோய் மீளாதவர் முன்னிலும் மிகப் பலர். தம் தோல்வியைத் தாமே எண்ணிக் கணக்கிட்டு ஏட்டில் எழுதிய மனிதர் மைல்ஸ். இந்நோயின் வரலாற்றில் கத்தியைக் காட்டிலும் அத்தகைய ஏடுகளே பெரிய காரியங்களைச் செய்துள்ளன.

அவ்வேடுகளுட் சிறந்தவை சில இலண்டன் நகரத்துச் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலையில் எழுதப்பட்டவை. 1835இல் பிரெடெரிக் சமன் என்பவர் ஏழைகளின் மலக்குடல் நோய்களுக்கென ஏழு கட்டில்களோடு ஒரு சிறு நிலையம் தொடங்கினார். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கின்ஸ் 1841இல் இச்சமனிடமே சத்திரசிகிச்சை பெற்றார். 1854இல் அந்நிலையம் மாற்கு முனிவரின் திருநாளன்று புதிய கட்டிடத்திற் குடிபுகுந்தமையால் அவர் பெயரையே பெற்றது. நாலுபேர் நடுவே பெயர் சொல்லக் கூசும் ஓர் உறுப்புக்கென்று தனியே ஒரு வைத்தியசாலை அமைத்தமை அக்காலத்திற் சிறிய செயலன்று.

அங்கே 1922இல் நோயியல் நிபுணராக வந்தவர் கத்பேர்ட் டியூக்ஸ். சத்திர வைத்தியர் அறுத்தெடுத்த ஒவ்வொரு குடற்றுண்டையும் அவர் பொறுமையாக ஆராய்ந்து, படம் வரைந்து, அந்நோயாளருக்குப் பின்னர் நேர்ந்ததையும் அதனோடு சேர்த்துப் பதிந்து வந்தார். 1932இல் அவர் வெளியிட்ட பாகுபாடு மிக எளியது. புற்று குடற்சுவரினுள் அடங்கியிருந்தால் முதல் வகுப்பு. சுவரைக் கடந்திருந்தால் இரண்டாம் வகுப்பு. நிணநீர்க் கணுக்களை அடைந்திருந்தால் மூன்றாம் வகுப்பு. முதல் வகுப்பினர் பெரும்பாலும் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பினர் பெரும்பாலும் இறந்தனர். இன்று வைத்தியர்கள் இதனினும் நுட்பமான பாகுபாட்டைக் கையாளுகின்றனர்; ஆயினும் உண்மை அதுவே. ஐக்கிய அமெரிக்காவின் கணக்குப்படி, குடலில் மாத்திரம் இருக்கும்போது கண்டுபிடிக்கப்படும் நோயாளருள் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்குத் தொண்ணூற்றின் அளவினர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டுபிடிக்கப்படுவோருட் பதினைந்தின் அளவினரே. நோய் ஒன்றே, கண்ட காலமே வேறு.

சுவரைக் கடப்பதற்கு முன் புற்று எங்கேயிருந்தது? அதனையும் டியூக்ஸ் தேடினார். குடலின் உட்புறத்திலே சிற்சிலருக்குக் காம்போடு கூடிய காளான்போலச் சிறிய சதைமுளைகள் தோன்றுவதுண்டு. பொலிப் என்று வைத்தியர் கூறுவது இதனையே. புற்றிருந்த குடல்களில் இம்முளைகளும் அடுத்தடுத்துக் காணப்பட்டன. சில முளைகளின் நுனியிலே புற்று அரும்பியிருந்தது. அதே வைத்தியசாலையின் சத்திர வைத்தியர் லொக்கார்ட்-மம்மெரி 1925இல் மூன்று குடும்பங்களைப் பற்றி எழுதினார். அவற்றிலே பலருக்கு இளமையிலேயே நூற்றுக்கணக்கான முளைகள் குடல் முழுவதும் தோன்றியிருந்தன. அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புற்றால் மாண்டனர். முளையே புற்றுக்குத் தாய் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. டியூக்ஸிடம் சிறுவயதிலேயே ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்த பசி என்பவர் அக்குடும்பங்களின் வமிசாவளிகளைப் பல பதிற்றாண்டுகளாகப் பேணிவந்தார். வைத்தியப் பட்டமில்லாத ஒரு மனிதர் காத்த அப்பதிவேட்டினால், நோய் வருமுன்னரே எச்சரிக்கப்பட்டுப் பிழைத்தோர் பலராவர்.

முளைகள் நூற்றுக்கணக்கில் இல்லாமலே புற்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த குடும்பங்களும் இருந்தன. அவற்றின் கதை அத்திலாந்திக் சமுத்திரத்திற்கு அப்பால், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே தொடங்குகின்றது. 1895ஆம் ஆண்டில் ஆன் ஆர்பர் நகரத்துப் பல்கலைக்கழக நோயியல் நிபுணர் ஓல்ட்றெட் வார்தின், தமக்கு அறிமுகமான தையற்காரப் பெண்மணி ஒருவர் மனஞ்சோர்ந்திருப்பதைக் கண்டு காரணம் வினாவினார். தம் குடும்பத்திற் பெரும்பாலானோர் புற்றினாலேயே இறந்தனர் என்றும், தாமும் இளவயதில் அதனாலேயே இறப்பது திண்ணம் என்றும் அப்பெண்மணி விடையளித்தார். படித்த வைத்தியர் இத்தகைய சொல்லைப் பேதைமை என்று தள்ளிவிடுவது அன்றைய வழக்கம். வார்தின் தள்ளிவிடவில்லை. அக்குடும்பத்தின் கிளைகளை ஒவ்வொன்றாகத் தேடி, 1913இல் வெளியிட்ட கட்டுரையிலே, புற்றுக்கு ஆளான பாட்டனாரின் வழித்தோன்றல்கள் 48 பேருள் 17 பேர் அந்நோயினால் இறந்தனர் அல்லது சத்திரசிகிச்சை பெற்றனர் என்று காட்டினார். தையற்காரப் பெண்மணியும் பின்னர் கருப்பைப் புற்றினாலேயே காலமானார்.

வார்தின் சொன்னதை உலகம் ஏற்கவில்லை. புற்று சுற்றுச்சூழலினால் வருவது, பரம்பரையாக வருவதன்று என்பதே பெரும்பாலோர் கொள்கை. அன்றியும், பரம்பரை பற்றிய பேச்சு அக்காலத்திலே மக்களைக் குலம் பார்த்துத் தரம் பிரிக்கும் கொடிய கொள்கையோடு கலந்து கிடந்தது. அக்கொள்கை பிற்காலத்தில் இழைத்த தீங்குகளைக் கண்டோர் பரம்பரை என்ற சொல்லையே அஞ்சினர். நல்ல ஏடு ஒன்று தீய அயலாரோடு வைக்கப்பட்டமையால் நாற்பது ஆண்டுகள் பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1962இல் நெபிராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரிலே, பயிற்சி வைத்தியராயிருந்த ஹென்றி லிஞ்ச் மதுவினால் நிலைகுலைந்து வந்த ஒரு நோயாளரைச் சந்தித்தார். ஏன் இவ்வாறு குடிக்கிறீர் என்று கேட்டபோது, தம் குடும்பத்தில் எல்லோரும் புற்றினால் இறக்கின்றனர், தாமும் இறக்கப்போவது உறுதி, ஆதலாற் குடிக்கின்றேன் என்றார் அவர். வார்தின் கேட்ட சொல்லையே அறுபத்தேழு ஆண்டுகளின் பின் மற்றொரு வைத்தியர் கேட்டார். லிஞ்ச் அக்குடும்பத்தினர் ஒன்றுகூடும் இடங்களுக்கெல்லாம் சென்றார். ஆன் கிறஷ் என்னும் சமூக சேவையாளர் அவருக்குத் துணையாயிருந்தார். வார்தினின் ஏடுகளும் பின்னர் லிஞ்சின் கைக்கு வந்தன. 1971இல் இருவரும் அப்பழைய குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்து எழுதியபோது அதன் கிளை 650 பேருக்கு மேல் விரிந்திருந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டி அவர் செய்த விண்ணப்பங்கள் பல முறை மறுக்கப்பட்டன; மனிதர் சளைக்கவில்லை. அக்குடும்ப நோய்க்கு இன்று அவர் பெயரே வழங்குகின்றது.

இவ்வேடுகளில் ஒரு விந்தையான செய்தி உண்டு. தொடக்கத் தலைமுறைகளிலே இரைப்பைப் புற்றும் கருப்பைப் புற்றும் மிகுந்திருந்தன. பின்வந்த தலைமுறைகளிலே பெருங்குடற் புற்று தலைதூக்கியது. அமெரிக்க மக்களிடையே பொதுவாக இரைப்பைப் புற்றுக் குறைந்த காலமும் அதுவே. குடும்பத்தின் குருதி மாறவில்லை. உண்டதும் வாழ்ந்ததும் மாறின. பரம்பரையா, சூழலா என்று வழக்காடியோர் இருசாராருக்கும் இக்குடும்பம் ஒருங்கே விடையளித்தது.

விடையின் உட்கூறு 1993இலே வெளிப்பட்டது. ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதிய பழக்கமுடையோர் இதனை எளிதில் உணர்வர். ஒருவர் படித்துச் சொல்ல மற்றொருவர் எழுதும்போது எழுத்துப் பிழைகள் நேர்தல் இயல்பு. எழுதி முடிந்ததும் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவார் ஒருவர் இருந்தால் சுவடி பிழைக்கும். உடம்பின் கலம் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும்போது தன் பரம்பரை எழுத்துக்கள் முழுவதையும் பெயர்த்தெழுதுகின்றது. அப்பிழைகளை ஒப்புநோக்கித் திருத்தும் பரம்பரையலகுகள் சில உண்டு. லிஞ்சின் குடும்பங்களிலே அத்திருத்துவோரில் ஒருவர் பழுதுபட்டுப் பிறக்கின்றார். பிழைகள் திருத்தப்படாது குவிகின்றன. குவிந்த பிழைகளுள் ஒன்று கலத்தின் அடக்கத்தைக் கெடுக்கும்போது புற்று தோன்றுகின்றது. வார்தினின் தையற்காரக் குடும்பத்தில் இருந்த குறிப்பிட்ட பழுது 2000ஆம் ஆண்டளவிலே கண்டறியப்பட்டது. 2005இல் வெளியான கணக்கில் அக்குடும்பத்தினர் 929 பேர். இனி அவர்களுட் பிறப்போர், குருதியைப் பரிசோதித்து, தாம் அப்பழுதைப் பெற்றவரா பெறாதவரா என்பதை அறியலாம். எல்லோரும் இறப்போம் என்று எவரும் குடிக்க வேண்டியதில்லை.

இக்குடும்பங்கள் மொத்தப் பெருங்குடற் புற்றில் நூற்றுக்கு மூன்று அளவினதே. பெரும்பாலோருக்கு நோய் வருவது வாழ்நாளிற் குவியும் பிழைகளாலாகும். போல்ற்றிமோர் நகரத்து ஆராய்ச்சியாளர் பேர்ட் வோகல்ஸ்ரைனும் அவர் குழுவினரும் 1988இல், சாதாரண சவ்விலிருந்து சிறு முளையும், சிறு முளையிலிருந்து பெரு முளையும், அதிலிருந்து புற்றும் தோன்றும் ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு பரம்பரையலகு கெடுவதைக் காட்டினர். அப்படிகளைக் கடக்கப் பெரும்பாலும் பத்தாண்டும் அதன் மேலும் செல்லும். நோவின்றி மறைந்து வளர்வது இந்நோயின் கொடுமையாயின், மெல்ல வளர்வது அதிலே மனிதனுக்குக் கிடைத்த வாய்ப்பாகும்.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்தக் கண் வேண்டும். 1895இல் போல்ற்றிமோரின் ஹவார்ட் கெலி நேரான உலோகக் குழாயொன்றை வெளியிட்டார். அதனாற் குடலின் கடைசிப் பகுதியை மாத்திரம் காணலாம், வளைவைக் கடக்க இயலாது. பேரியம் என்னும் வெண்பொருளைக் குடலிற் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் முறை பின் வந்தது. அது கட்டியின் நிழலைக் காட்டியதேயன்றிக் கட்டியைக் காட்டவில்லை. வளைந்த குடலினுள் ஒளியை வளைத்துச் செலுத்துவது எங்ஙனம்? விடை தோன்றியது வார்தினின் அதே ஆன் ஆர்பர் நகரிலே. தென்னாபிரிக்காவிற் பிறந்த பசில் ஹேர்ஸ்கோவிற்சும், மாணவராயிருந்த லாரன்ஸ் கேர்ற்றிஸும் மற்றொருவரும் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நார்களுக்கு வேறொரு கண்ணாடியாற் போர்வையிட்டு, ஒளி வெளியே கசியாமற் செய்தனர். 1957இல் அந்நாராலான குழாயை ஹேர்ஸ்கோவிற்ஸ் முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். அது இரைப்பைக்கென அமைந்தது. பெருங்குடலின் முழுநீளத்தையும் கடக்கும் கருவி அடுத்த பதிற்றாண்டில் வந்தது. நியூயோர்க்கிலே வில்லியம் வூல்ப், ஹிறோமி ஷின்யா என்போர் அதனைக் கையாண்டு, 1969இல் ஒரு மெல்லிய கம்பிச் சுருக்கை அதன் வழியே செலுத்தி, முளையின் காம்பிலே மாட்டி, மின்சாரத்தாற் சுட்டு அறுத்தெடுத்தனர். வயிறு திறக்கப்படவில்லை. வேடன் மானுக்கு வைக்கும் சுருக்குப் போன்ற அச்சிறு கம்பி, புற்று என்ற ஒன்று உண்டாவதற்கு முன்னரே அதன் வித்தைப் பறித்துவிட்டது. பில்லோர் காலத்துப் பாதரசத்தையும் இக்கம்பியையும் அருகருகே வைத்து நோக்கினாற் போதும், இவ்வரலாறு முழுவதும் விளங்கும்.

அது வெறும் கற்பனையன்று என்பதை எண்ணிக்கை காட்டியது. முளைகளை அகற்றிய 1,418 பேரைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 1993இல், அவர்களிடையே புற்று எதிர்பார்த்ததிலும் நூற்றுக்கு எழுபத்தாறு முதல் தொண்ணூறு வரை குறைந்திருந்தது என அறிவித்தது. யாவருக்கும் குழாயிட்டுப் பார்த்தல் எந்நாட்டிலும் எளிதன்று. ஆதலால் மலிவான வழியொன்று தேடப்பட்டது. மேற்கிந்தியத் தீவு மரமொன்றின் பிசின் குருதியோடு சேர்ந்தால் நீலமாகும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. 1967இல் அமெரிக்க வைத்தியர் டேவிட் கிறீகர், அப்பிசின் ஊட்டிய கடதாசியில் நோயாளரே வீட்டில் மலத்தைச் சிறிதளவு தடவி அனுப்பும் முறையை வெளியிட்டார். மினெசோட்டாவில் 46,551 பேரிடம் நடந்த சோதனை, ஆண்டுதோறும் இவ்வாறு பார்த்தோரிடையே பெருங்குடற் புற்றினால் நேரும் மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்ததென 1993இற் காட்டியது. பின்னர் மனிதக் குருதியை மாத்திரம் பிரித்தறியும் திருந்திய சோதனை வந்தது. யப்பான் 1992 முதல் அதனை நாடளாவிக் கையாளுகின்றது.

நோய் எதனால் வருகின்றது என்ற வினாவுக்கு வரலாறு ஒரு சுவையான மனிதரைக் காட்டுகின்றது. அயர்லாந்திற் பிறந்து, சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்து, உகண்டாவிற் சத்திர வைத்தியராகப் பணியாற்றியவர் டெனிஸ் பேர்க்கிற். ஆங்கிலேயரை வாட்டிய பெருங்குடற் புற்று ஆபிரிக்கக் கிராமத்தவரிடையே அரிதாயிருப்பதை அவர் கண்டார். மலத்தை நிறுத்துப் பார்த்தார். உண்டது வெளிவர எத்தனை மணித்தியாலம் என்று கணக்கிட்டார். தவிடு நீக்காத தானியமும் கிழங்கும் உண்போருக்கு மலம் மிகுதி, செல்லும் காலம் குறைவு. வெண்மாவும் இறைச்சியும் உண்போருக்கு மறுதலை. நார்ப்பொருளின் குறைவே காரணம் என்று 1971இல் எழுதினார். அவர் கண்டது பெரிதும் உண்மை. ஆனால் முழு உண்மையன்று. 2000இல் வெளியான இரு சோதனைகளிலே நார்மிக்க உணவும் கோதுமைத் தவிடும் கொடுத்தும் முளைகள் மீண்டும் தோன்றுதல் குறையவில்லை. நார் மிகுதியாக உண்ணும் மக்களிடையே நோய் குறைவென்று பெரும் ஆய்வுகள் பின்னரும் காட்டின. சில ஆண்டுகளிலே தவிட்டை உண்டு பல பதிற்றாண்டுகளின் வழக்கத்தை அழித்துவிடலாம் என்பது பேராசை போலும்.

சூழலின் வலிமைக்கு வேறு சான்றும் உண்டு. யப்பானிலே பெருங்குடற் புற்று அரிதாயிருந்த காலத்தில் ஹவாய்த் தீவுகளிற் குடியேறிய யப்பானியரிடையே அது அமெரிக்கரின் அளவுக்கு ஏறியது. உப்பிட்டும் புகையூட்டியும் பதனிட்ட இறைச்சி புற்றுக்கு ஏதுவாகும் என்பதை உலக சுகாதார தாபனத்தின் புற்றாய்வு நிலையம் 2015இல் உறுதிசெய்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பதால் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு மிகும் என்பது அதன் கணக்கு. மதுவும் புகையிலையும் உடற்பருமனும் உழைப்பின்மையும் அதனோடு சேரும். குடலிலே நெடுங்காலம் ஆறாத அழற்சிப் புண் உடையோருக்கும் அபாயம் உண்டு. 2022இல் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். 9 இலட்சம் பேர் இறந்தனர். முன்னர் முதியோர் நோய் எனப்பட்டது இளையோரையும் தொடுவதனால், அமெரிக்காவிலே பரிசோதனை தொடங்கும் வயது 2021இல் ஐம்பதிலிருந்து நாற்பத்தைந்தாகக் குறைக்கப்பட்டது.

இத்தனை கருவிகள் இருந்தும் நோயாளர் பிந்தி வருவதற்கு நாணமே பெருங்காரணம். மலத்திற் குருதி காணின் மூலம் என்று தாமே முடிவுசெய்து, கைமருந்து செய்து, மாதங்களைக் கழிப்போர் எந்நாட்டிலும் உளர். மூலமாயிருத்தல் கூடும், அதனைச் சோதித்துத் துணிதல் வேண்டும். மலங்கழியும் வழக்கம் சில வாரமாக மாறுதல், காரணமின்றி மெலிதல், வயதுவந்தோர் வெளிறிச் சோர்தல் ஆகியவையும் அத்தகையனவே. 1985ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்க சனாதிபதி றொனால்ட் றீகனுக்குப் பெருங்குடலிலே பெரிய முளையொன்று காணப்பட்டு, ஏறத்தாழ இரண்டு அடிக் குடல் அகற்றப்பட்டது. முளையினுள்ளே புற்று இருந்தது. நிணநீர்க் கணுக்களை அது அடையவில்லை. நாட்டின் தலைவரது குடலின் படம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. சொல்லக் கூசிய சொற்களை வானொலிகள் உரத்துச் சொல்லின; பரிசோதனை வேண்டிச் சென்றோர் தொகை பெருகியது. றீகன் அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து தமது தொண்ணூற்றுமூன்றாம் வயதிலே வேறு நோயினால் இறந்தார்.

கத்திக்கு எட்டாத நோய்க்கு மருந்து தேடிய வரலாறு இதற்குப் பிந்தியது. புற்றுக் கலங்கள் யுறசில் என்னும் பொருளை மிகுதியாக விரும்பி ஏற்பதை அறிந்த சார்ல்ஸ் ஹைடல்பேர்கர், 1957இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே அப்பொருளில் ஓர் அணுவை மாற்றி, உணவு என்று எண்ணி நஞ்சை உண்ணும்படி செய்தார். அம்மருந்து இன்றும் சிகிச்சையின் அடிப்படையாக உள்ளது. நிணநீர்க் கணுக்களை அடைந்த நோயாளருக்குச் சத்திரசிகிச்சைக்குப்பின் அதனைத் துணைமருந்தொன்றோடு கொடுத்தால் மரணம் மூன்றிலொரு பங்கு குறைகின்றது என்பதை மோட்டெல் என்பார் 1990இல் நிறுவினார். வேறு மருந்துகள் பின்னர் சேர்ந்தன. வயிற்றிலே சிறு துளைகள் இட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை 1990களில் வந்தது. மைல்ஸின் முறையிலே வாயிலோடு வாழ வேண்டியிருந்தோர் பலர் இன்று அவ்வாறு வாழ வேண்டியதில்லை.

லிஞ்சின் குடும்பங்களுக்கு இரண்டு செய்திகள் பின்னர் கிடைத்தன. அப்பழுதைப் பெற்ற 861 பேரிடம் நடந்த சோதனையிலே, நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அஸ்பிரின் இரண்டாண்டுகளுக்கு மேல் உட்கொண்டோரிடையே பெருங்குடற் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2011இல் வெளியாயிற்று. வைத்தியர் சொற்படியன்றி எவரும் கைக்கொள்ளத்தக்கதன்று அது. மற்றையது இதனினும் வியப்பானது. திருத்தப்படாத பிழைகள் நிரம்பிய புற்றுக் கலம், உடம்பின் காவற் கலங்களுக்கு அயலான் போலத் தோன்றும். அக்காவலர் கைகளைப் புற்று கட்டிவைத்திருக்கின்றது. கட்டை அவிழ்த்துவிட்டால் அவர் தம் வேலையைத் தாமே செய்வர். அவ்வாறு கட்டவிழ்க்கும் மருந்தொன்று, இத்தகைய பழுதுடைய புற்று எவ்வுறுப்பில் இருப்பினும் கொடுக்கத்தக்கதென 2017இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நியூயோர்க் புற்றுநோய் வைத்தியசாலையொன்று ஒரு சிறு சோதனையின் பயனை வெளியிட்டது. மலக்குடலிலே இவ்வகைப் புற்றுடைய பன்னிருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு மாதம் அவ்வினத்து மருந்தொன்று ஏற்றப்பட்டது. பின்னர் குழாயிட்டும் படமெடுத்தும் பார்த்தபோது பன்னிருவரிடத்திலும் கட்டி காணப்படவில்லை. அவர்களுள் எவருக்கும் அதுவரை கத்தியோ கதிர்ச் சிகிச்சையோ வேண்டியிருக்கவில்லை.